சுட்ட மானைக் காட்டிலிருந்து ஒற்றை ஆளாக வெளியே கொண்டு வருவது எப்படி?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த ஆண்டுதான் முதன்முதலாக மான் வேட்டைக்கு உரிமம் பெற்றிருக்கிறீர்கள்; துணைக்கு ஆள் இல்லாததால் தனியாகத்தான் போகப் போகிறீர்கள்; நீங்கள் பார்த்து வைத்திருக்கும் இடம் வண்டி நிறுத்துமிடத்திலிருந்து ஏறத்தாழ 2 கிலோமீட்டர் உள்ளே, ஒரு சதுப்பையும் ஒரு மேட்டையும் தாண்டி இருக்கிறது. 70, 80 கிலோ எடையுள்ள வெள்ளைவால் மான் அங்கே விழுந்தால் அதை எப்படி வெளியே கொண்டு வருவது, கயிறு போதுமா, இரண்டு சக்கரத் தள்ளுவண்டி வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கயிறா வண்டியா என்பதற்கும் பதில் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் தீர்க்கப்பட வேண்டிய கேள்வி ஒன்று இதற்குள் இருக்கிறது: தனியாகப் போகிற ஒருவர், இறைச்சி கெடாமலும் தம் உடம்பு கெடாமலும் திரும்பி வர வேண்டுமானால், எவ்வளவு தூரம் உள்ளே போய்ச் சுடலாம்? அந்த முடிவைத் துப்பாக்கியைத் தூக்குவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவதன் சாரம்.

வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளில் 20 ஆண்டுகளுக்கும் மேலாக மான் வேட்டைக்குப் போய் வருகிறேன். அவற்றுள் பல ஆண்டுகள், புதிதாக உரிமம் பெறுகிறவர்களுக்கான பாதுகாப்பு வகுப்புகளில் பாடமும் நடத்தியிருக்கிறேன். ஆகவே இலையுதிர் காடு, சதுப்பு, முதல் பனி ஆகியவற்றைப் பற்றி நான் சொல்பவை நேரில் பார்த்தவை, கையால் செய்தவை. மேற்குப் பகுதியின் உயர்ந்த மலைகளில் நாள்கணக்கில் தங்கி வேட்டையாடுகிறவர்களின் அனுபவம் எனக்கு இல்லை. அங்கே போகிறவர்கள் அங்குள்ளவர்களைக் கேட்பதே நல்லது. மேலும், இந்தப் பதில் முழுவதும் உரிமத்தோடு மான் வேட்டை அனுமதிக்கப்பட்ட நாடுகளுக்கு மட்டுமே பொருந்தும். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். தமிழில் இதைப் படிப்பவர்களில் பலர் அங்கே இருப்பார்கள் என்பதால் இதைச் சொல்லாமல் விடக்கூடாது.

புதியவர்கள் எல்லோரும் எடையைக் கண்டு பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியது வெப்பத்தைக் கண்டு. உயிரோடு இருக்கும் மானின் உடல் வெப்பம் 38, 39 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். குளிர்கால மயிர் உள்ளே காற்றை அடைத்து வைத்திருப்பது. அதனால் இறந்த பிறகும் அந்தச் சூட்டை எளிதில் வெளியே விடாது. இறைச்சி பாதுகாப்பாக இருக்க வேண்டுமானால் அது 4 டிகிரிக்குக் கீழே இறங்க வேண்டும். அதற்கு மேல் நுண்ணுயிர்கள் பெருகிக்கொண்டே இருக்கும். எல்லாவற்றுக்கும் கடைசியாக ஆறுவது பின்தொடையில் இடுப்பு மூட்டை ஒட்டிய இறைச்சி. என் இரண்டாம் ஆண்டில் இதை நானே அனுபவித்தேன். நவம்பர் முதல் வாரம், ஆனால் வழக்கத்துக்கு மாறாக 14 டிகிரி. இருட்டுவதற்குள் வண்டிக்குப் போய்விடலாம் என்று எண்ணி, குடலைக்கூட எடுக்காமல் பின்னங்கால்களைப் பிடித்து இழுக்கத் தொடங்கினேன். ஒரு கிலோமீட்டரைக் கடக்க மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. மறுநாள் தொடையை எலும்போடு பிரித்தபோது மூட்டைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு இறைச்சி பச்சை படர்ந்து, புளித்த வாடை அடித்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குறையும் தெரியவில்லை. ஓர் உயிரை எடுத்துவிட்டு அதன் இறைச்சியைக் குழியில் போட்டு மூடிய அந்த நாளை இன்றும் என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

எனவே மான் விழுந்ததும் செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன். குண்டு பட்டு ஓடியிருந்தால் உடனே பின்னால் போகாதீர்கள். நல்ல இடத்தில் பட்டது என்று தோன்றினாலும் அரை மணி நேரமாவது காத்திருங்கள், இரைப்பையில் பட்டிருக்கும் என்ற ஐயம் இருந்தால் பல மணி நேரம். கலைக்கப்பட்ட மான் இன்னும் ஒரு கிலோமீட்டர் ஓடும், அந்தக் கிலோமீட்டரையும் நீங்கள்தான் இழுத்துத் திரும்ப வேண்டும். நெருங்கும்போது பின்புறமாகப் போய், நீண்ட குச்சியால் கண்ணைத் தொட்டுப் பாருங்கள். இறந்த மானின் கண் பெரும்பாலும் திறந்தே இருக்கும்; தொட்டும் இமை அசையவில்லை என்றால் உயிர் போய்விட்டது. உடனே துப்பாக்கியிலிருந்து தோட்டாக்களை எடுத்துவிடுங்கள். இழுக்கத் தொடங்கிய பிறகு அந்தத் துப்பாக்கி விழும், புதரில் மாட்டும், மண்ணில் குத்தும். அதனால் இதில் விதிவிலக்கே கிடையாது. அடுத்து, உரிமத்தோடு வந்த அடையாளச் சீட்டில் குறிக்க வேண்டியதைக் குறித்து, உங்கள் பகுதி விதி கேட்கிறபடி மானில் கட்டுங்கள் அல்லது கையில் வைத்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் இதைச் செய்யாமல் மானை ஓர் அடி நகர்த்தினாலும் குற்றம். மான் ஓடி அடுத்தவர் நிலத்துக்குள் விழுந்திருந்தால், அது உங்கள் மானாகவே இருந்தாலும், அனுமதி கேட்காமல் எல்லையைத் தாண்டாதீர்கள்.

பிறகு குடல் எடுப்பது. இதை விழுந்த இடத்திலேயே செய்துவிட வேண்டும். அதில் எனக்குத் துளியும் ஐயம் இல்லை. சூடு வெளியேறுகிறது, கூடவே மொத்த எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நாலில் ஒரு பங்குவரை அங்கேயே குறைந்துவிடுகிறது: 80 கிலோ மான் 60 கிலோவைச் சற்றுத் தாண்டி வந்து நிற்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மானைச் சற்றுச் சரிவில் தலை மேலாக மல்லாத்தி, கத்தியின் கூர் மேல்நோக்கி இருக்கும்படி இரண்டு விரல்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டு, விரல்களாலேயே தோலைத் தூக்கித் தூக்கி அறுக்க வேண்டும். குத்தி அறுத்தால் இரைப்பை கிழியும். குளிர்ந்த காலையில் வயிறு திறந்தவுடன் வெள்ளையாக ஆவி எழும், கண்ணாடி அணிந்தவர்களுக்குக் கண் மறைந்துவிடும். அந்த நேரத்தில் கத்தியை ஓட்டாமல் ஒரு நிமிடம் பொறுங்கள். சிறுநீர்ப்பையையும் மலக்குடலையும் உடையாமல் கட்டி எடுத்து, உதரவிதானத்தைச் சுற்றி அறுத்து, மூச்சுக்குழலை மேலே எட்டிய வரைக்கும் வெட்டினால் எல்லாம் ஒன்றாக வெளியே வந்துவிடும். பின்னங்காலின் உட்புறத்தில் வாடை வீசும் மயிர்க்கற்றை ஒன்று உண்டு. அதை அறுத்து எடுக்கத் தேவையில்லை. அதைத் தொட்ட கையாலும் கத்தியாலும் இறைச்சியைத் தொடாமல் இருந்தால் போதும்.

இங்கேதான் புத்தகங்களில் தெளிவாகச் சொல்லப்படாத ஒரு முரண் வருகிறது. விரைவாக ஆற வேண்டுமானால் நெஞ்செலும்பையும் பிளந்து, இடுப்பிலிருந்து கழுத்துவரை திறந்து, குறுக்கே குச்சி கொடுத்து விரித்து வைக்க வேண்டும். ஆனால் அப்படித் திறந்த உடலைத் தரையில் இழுத்தால் இலை, மண், சேறு எல்லாம் உள்ளே போய் ஒட்டிக்கொள்ளும். நான் பின்பற்றும் வழி இது: இழுத்துப் போவதாக இருந்தால் நெஞ்செலும்பு வரைக்கும் மட்டுமே திறக்கிறேன். உள்ளே தேங்கிய இரத்தத்தைக் கவிழ்த்து வடித்துவிட்டு, பத்துப் பதினைந்து நிமிடம் விரித்து வைத்து முதல் சூட்டைப் போக்கி, பிறகு திறப்பின் ஓரங்களில் இரண்டு மூன்று துளை போட்டுக் கயிற்றால் சேர்த்துக் கட்டிவிட்டு இழுக்கிறேன். வண்டியை அடைந்ததும் மீண்டும் திறந்து முழுவதும் பிளந்து விரிப்பேன். ஒரு மணி நேரத்துக்குள் வண்டிக்குப் போய்விடலாம் என்றால், அல்லது குளிர் நன்றாக இருந்தால் இது சரிப்படும். வெயில் நாளில், அல்லது தூரம் அதிகமென்றால், இழுக்கும் எண்ணத்தையே விட்டுவிட்டுக் காட்டிலேயே துண்டுபோடுவேன். உள்ளே தண்ணீர் ஊற்றிக் கழுவலாமா என்பதில் அனுபவசாலிகளே இரண்டு கட்சியாக இருக்கிறார்கள். இரைப்பை கிழிந்து உள்ளிருப்பது கொட்டியிருந்தால் கழுவித்தான் ஆக வேண்டும், கழுவியதும் ஈரத்தைத் துடைத்துவிட வேண்டும். மற்றபடி துணியால் துடைப்பதே போதும் என்பது என் வழக்கம். இது என் பழக்கமே தவிர, நிறுவப்பட்ட உண்மை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இழுக்கும் முறைக்கு வருகிறேன். தலை முன்னால் வர வேண்டும், எப்போதும். மானின் மயிர் தலையிலிருந்து வாலை நோக்கிப் படிந்திருக்கிறது. தலைப்பக்கமாக இழுத்தால் மயிர் வழுக்கிக்கொண்டு வரும், காலைப் பிடித்து இழுத்தால் ஒவ்வொரு மயிரும் எதிர்த்து நின்று சருகையும் சுள்ளியையும் வாரிக்கொள்ளும். என்னோடு சில ஆண்டுகள் வேட்டைக்கு வந்த முதியவர் ஒருவர், நான் இழுப்பதைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, “தம்பி, கயிறு நீளமாக இருக்கிறது” என்று மட்டும் சொன்னார். பிறகு அவரே குனிந்து, முன்னங்கால்கள் இரண்டையும் மடக்கித் தலைக்குப் பின்னால் கொம்போடு சேர்த்துக் கட்டினார். கொம்பின் அடியில் ஒரு சுருக்குப் போட்டு, அதே கயிற்றை முகவாயைச் சுற்றி இன்னொரு சுற்றுச் சுற்றி, மூக்கு நேராக முன்னோக்கி நிற்கும்படி இறுக்கினார். மிச்சக் கயிற்றை அரை ஆள் நீளத்துக்குக் குறைத்து, நுனியில் முழங்கை நீளக் குச்சி ஒன்றைக் கைப்பிடியாகக் கட்டினார். நின்று இழுத்தபோது மானின் தலையும் தோளும் தரையிலிருந்து மேலே எழுந்துகொண்டன. அதுவரை ஒவ்வொரு வேரிலும் மாட்டிய அதே மான் படகுபோலப் பின்னால் வந்தது. கொம்பில்லாத பெண் மானுக்கும் இதே முறைதான். சுருக்கைக் கழுத்தில் போட்டு, முகவாயில் ஒரு சுற்றுக் கொடுத்தால் போதும். கயிறு விரல் பருமனாவது இருக்கட்டும். மெல்லிய நைலான் கயிறு கையுறையையும் மீறி உள்ளங்கையை வெட்டும். தோளில் குறுக்கே மாட்டிக்கொள்ளும் பட்டை வைத்திருந்தால் இன்னும் நல்லது, ஏனெனில் கைக்குப் பதிலாகக் கால்கள் வேலை செய்யும்.

தனியாக இருக்கும்போது எல்லாப் பொருள்களையும் முதுகில் சுமந்துகொண்டு மானையும் இழுக்க முயலாதீர்கள். பையையும் துப்பாக்கியையும் எடுத்துக்கொண்டு, மான் கண்ணுக்குத் தெரிகிற தூரம் மட்டும், 50 அல்லது 60 மீட்டர் முன்னால் போய் அவற்றை மரத்தடியில் வையுங்கள். திரும்பி வந்து மானை அதுவரை இழுங்கள். மறுபடி பையோடு முன்னால் போங்கள். நடை கூடுகிறதே என்று தோன்றும். ஆனால் வெறுங்கையோடு திரும்பி வரும் அந்த ஒவ்வொரு நடையும் மூச்சு வாங்கும் நேரம், அடுத்த 50 மீட்டரில் எந்தப் பக்கம் வழி என்று பார்த்துக்கொள்ளும் நேரமும் அதுவே. தொடங்குவதற்கு முன்பே மேலுடையில் ஒன்றைக் கழற்றிவிடுங்கள். வியர்வையில் நனைந்த உள்ளாடையோடு பூஜ்யம் டிகிரியில் ஓய்வெடுக்க உட்கார்ந்தால் நடுக்கம் தொடங்கிவிடும். அந்த நடுக்கத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, எடுத்துக்கொள்ள வேண்டும்.

வழியைப் பொறுத்தவரை, வரைபடத்தில் குறுகியது காட்டில் குறுகியதாக இருப்பதில்லை. 600 மீட்டர் விழுந்த மரங்களுக்கு நடுவே இழுப்பதைவிட, பழைய மரவண்டிப் பாதையில் ஒன்றரைக் கிலோமீட்டர் இழுப்பது எளிது. மலைச்சரிவின் குறுக்கே இழுத்தால் மான் கீழ்ப்பக்கமாக உருண்டுகொண்டே போகும், உங்களையும் சேர்த்து இழுக்கும். முதலில் நேராகக் கீழே இறக்கிவிட்டு, சமதளத்தில் திரும்புங்கள். செங்குத்தான இறக்கத்தில் மானுக்குக் கீழே ஒருபோதும் நிற்காதீர்கள். மேலே நின்று கயிற்றை ஒரு மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, மெல்ல விட்டு இறக்குங்கள். விழுந்த மரத்தைத் தாண்டும்போது முழு உடலையும் தூக்க முயல்வது முதுகுக்குக் கேடு. தலையையும் தோளையும் முதலில் மேலே சாய்த்து, மறுபக்கம் போய் இழுத்தால் மிச்சம் தானாகச் சரிந்து வரும். உங்கள் கேள்வியில் உள்ள சதுப்புதான் எனக்குக் கவலை தருகிறது. முழங்கால் ஆழச் சேற்றில் கால் ஊன்றி இழுக்க இடமே கிடைக்காது. அதைச் சுற்றிப் போக வழி இருக்கிறதா என்று வேட்டைக்காலம் தொடங்கும் முன்பே ஒரு பகல் நடந்து பாருங்கள்.

கருவிகளில், பனி விழுந்திருந்தால் பிளாஸ்டிக் சறுக்குத் தட்டுக்கு இணையாக எதுவும் இல்லை. மானை அதில் வைத்துக் கட்டிவிட்டால் ஒரு சிறுவனே இழுத்துவிடுவான். இறைச்சியில் மண்ணும் படாது. பனி இல்லாத சருகுத் தரையிலும், சுருட்டிக் கொண்டுபோகக்கூடிய தடித்த பிளாஸ்டிக் விரிப்பு வெறும் கயிற்றைவிட நன்றாகவே உதவும். இறக்கத்தில் தட்டு உங்களை முந்தி வந்து குதிகாலில் மோதும். அப்போது பின்னாலும் ஒரு கயிறு கட்டி, நீங்கள் மேலிருந்து பிடித்து விடுவதுதான் முறை. இரண்டு சக்கர வண்டி நல்ல பாதையில் அருமையானது. எடை முழுவதும் அச்சின் மேல் சமநிலையில் இருக்கும்படி ஏற்றினால் 60 கிலோவும் கையில் கனக்காது. ஆனால் பாதை இல்லாத காட்டில், விழுந்த மரம் ஒவ்வொன்றுக்கும் அதைத் தூக்க வேண்டியிருக்கும், சேற்றில் அச்சுவரை அமிழும். இன்னொன்றையும் கவனியுங்கள்: அமெரிக்காவில் 1964ஆம் ஆண்டின் காட்டுவெளிச் சட்டத்தின் கீழ் ஒதுக்கப்பட்ட பகுதிகளுக்குள் இயந்திர வண்டிகள் மட்டுமல்ல, கையால் தள்ளும் சக்கர வண்டிக்கும் தடை இருக்கிறது. நாலு சக்கர மோட்டார் வண்டி வைத்திருக்கும் நண்பர் உதவ வருவார் என்றால், அது அந்த நிலத்தில் அனுமதிக்கப்பட்டதா என்று முன்பே கேளுங்கள். மானை அதன் பின்னால் கட்டித் தரையில் இழுக்காமல், மேலே ஏற்றிக் கொண்டு வாருங்கள். ஏற்றத்தில் பின்பக்கம் கனத்தால் அந்த வண்டி மல்லாந்துவிடும். ஸ்காட்லாந்தின் மலைகளில் சில பண்ணைகள் இன்றும் சுட்ட செம்மானை, இதற்கென்றே செய்த சேணம் பூட்டிய உயர்நிலக் குதிரையின் முதுகில் கட்டி இறக்குகின்றன. தரை எப்படியோ அப்படித்தான் கருவியும் அமையும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

துண்டுபோட்டு முதுகில் சுமப்பதை நான் தயங்கித் தயங்கித்தான் கற்றுக்கொண்டேன். இப்போது ஒரு கிலோமீட்டருக்கு மேல் என்றால் அதையே முதலில் நினைக்கிறேன். வயிற்றைத் திறக்காமலேயே செய்யலாம்: ஒரு பக்கமாகப் படுக்க வைத்து, முதுகெலும்பு நெடுகத் தோலைக் கீறி உரித்து, முன்னங்காலைத் தோளோடு எடுத்து, பின்தொடையை இடுப்பு மூட்டில் கழற்றி, முதுகுத்தசையை எலும்போடு ஒட்டி வழித்தெடுத்து, கழுத்து இறைச்சியையும் எடுத்துவிட்டு மறுபக்கம் புரட்ட வேண்டும். முன்னங்காலை உடம்போடு இணைக்கும் எலும்பு மூட்டே கிடையாது, தசையால் மட்டுமே ஒட்டியிருப்பது. அதனால் கத்தியை அடியில் ஓட்டினாலே கையோடு வந்துவிடும். ஒவ்வொரு துண்டையும் காற்றுப் புகும் துணிப்பையில் போட்டுக் கிளையில் தொங்கவிட்டால், நீங்கள் அடுத்த பக்கத்தை முடிப்பதற்குள் அது ஆறத் தொடங்கியிருக்கும். பிளாஸ்டிக் பையில் சூட்டோடு அடைத்தால் கெட்டுவிடும். 80 கிலோ மானில் எலும்பு நீக்கிய இறைச்சி ஏறக்குறைய 30 கிலோவைச் சுற்றித்தான் தேறும். அதை இரண்டு நடையாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் நல்ல சட்டம் வைத்த முதுகுப்பையில் தாங்கக்கூடிய எடைதான். கனமானவை முதுகை ஒட்டி, தோள் உயரத்துக்கு அருகில் இருக்கட்டும்.

ஆனால் கத்தியை எடுப்பதற்கு முன் உங்கள் பகுதி விதியைப் படித்தாக வேண்டும். சில இடங்களில் மானை முழுதாகக் கொண்டுவந்து பதிவு செய்ய வேண்டும். பல இடங்களில் ஆணா பெண்ணா என்பதற்கான சான்று இறைச்சியோடு ஒட்டியே இருக்க வேண்டும். இதற்கு நேர் எதிராக, மான்களைத் தாக்கும் நாள்பட்ட மெலிவு நோய் கண்டறியப்பட்ட பகுதிகளிலிருந்து முழு உடலை வெளியே கொண்டுபோகப் பல மாநிலங்களும் மாகாணங்களும் தடை விதித்திருக்கின்றன. கொலராடோவில் 1967இல் அடைப்பில் வளர்ந்த மான்களில் முதன்முதலாகக் கவனிக்கப்பட்ட நோய் இது. இதை உண்டாக்கும் காரணி மூளை, முதுகுத்தண்டு, நிணநீர்க் கணுக்கள் ஆகியவற்றில் செறிந்திருக்கும், சமைத்தாலும் அழியாது. மனிதருக்கு இது தொற்றியதாக இதுவரை உறுதிப்பட்ட நிகழ்வு இல்லை என்பது உறுதி. தொற்றவே தொற்றாது என்று யாரும் உறுதி கூறவில்லை என்பதும் அதே அளவுக்கு உண்மை. ஆகவே அத்தகைய பகுதியில் முதுகெலும்பைக் குறுக்கே வெட்டாதீர்கள். சோதனைக்குத் தலையைக் கேட்பார்கள் என்பதால் அதையும் கொண்டு வாருங்கள். முடிவு வரும்வரை இறைச்சியைத் தனியே வைத்திருங்கள், நோய் இருப்பதாக வந்தால் உண்ணாதீர்கள்.

மாலையில் விழுந்த மானை இரவு காட்டிலேயே விட்டு வரலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கட்டாயம் கேட்கும் நிலை வரும். இரவு முழுவதும் 4 டிகிரிக்குக் கீழே இருக்கும் என்று உறுதியாகத் தெரிந்தால், குடல் எடுத்து, முழுவதும் விரித்து, தரையில் படாமல் கட்டைகளின் மேல் வைத்துவிட்டு வந்தால் இறைச்சிக்குக் கேடில்லை. ஓநாய்நரிகளும் கரடிகளும் வருமா என்பதுதான் நிச்சயமில்லாதது. எடுத்துப் போட்ட குடலிலிருந்து மானை 100 மீட்டராவது தள்ளி வைப்பதும், உங்கள் வியர்வை படிந்த சட்டையை அதன் மேல் போட்டு வருவதும் உதவுகின்றன என்று பலர் நம்புகிறார்கள். முதலாவதில் எனக்கு நம்பிக்கை உண்டு. சட்டையைப் போட்டு வந்தும் நான் ஒருமுறை ஒரு தொடையை இழந்திருக்கிறேன். கரடிகள் உள்ள இடத்தில் மறுநாள் காலையில் திரும்பும்போது தூரத்திலேயே நின்று, சத்தம் கொடுத்து, பார்த்துவிட்டு நெருங்குங்கள்.

உங்கள் வயதை நீங்கள் சொல்லவில்லை. நாற்பதைத் தாண்டியவராக இருந்தால், அல்லது வீட்டில் யாருக்காவது இதயநோய் இருந்தால், வேட்டைக்காலத்துக்கு முன் மருத்துவரைப் பாருங்கள். நான் மருத்துவன் அல்லன். ஆனால் மிச்சிகனில் மருத்துவர்கள் மான் வேட்டைக்குப் போன நடுத்தர வயது ஆண்களின் இதயத்துடிப்பைக் காட்டிலேயே அளந்தபோது, அவர்களில் பலருக்கு நடைப்பொறி (டிரெட்மில்) சோதனையில் எட்டிய உச்சத்தைவிடவும் துடிப்பு மேலே போனது. குளிர், பதற்றம், ஆண்டு முழுவதும் உட்கார்ந்தே வேலை பார்த்த உடம்பு, திடீரென்று 60 கிலோ இழுவை ஆகிய எல்லாம் ஒரே மணி நேரத்தில் சேர்கின்றன. நெஞ்சில் இறுக்கமோ இடது கையில் வலியோ வந்தால் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு உதவிக்கு அழையுங்கள். எந்த மானும் அதற்கு ஈடாகாது. எங்கே இருக்கிறீர்கள், எத்தனை மணிக்குள் வராவிட்டால் தேட வேண்டும் என்பதை வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

மானைத் தோளில் போட்டுத் தூக்கி வரும் பழைய படங்களைப் பார்த்திருப்பீர்கள். அதை மட்டும் செய்யவே கூடாது. மரங்களுக்கு நடுவே அசைந்து வரும் கொம்பையும் பழுப்பு மயிரையும் தூரத்திலிருந்து பார்க்கும் இன்னொரு வேட்டைக்காரருக்கு நீங்கள் உயிருள்ள மானாகவே தெரிவீர்கள். இழுத்தாலும், தள்ளினாலும், தலையைப் பையில் கட்டிச் சுமந்தாலும், கொம்பிலும் உடலிலும் பளிச்சென்ற ஆரஞ்சு நிறத் துணியைச் சுற்றுங்கள். இழுக்கும்போது புழுங்குகிறதே என்று உங்கள் ஆரஞ்சு மேலங்கியைக் கழற்றாதீர்கள், உள்ளே இருப்பதைக் கழற்றுங்கள்.

உங்கள் இடத்துக்கு என் பதில் இதுதான். 2 கிலோமீட்டர், சதுப்பு, மேடு, தனியாள் என்ற நிலையில் தள்ளுவண்டி வாங்குவது வீண். பனி நன்றாக விழுந்து சதுப்பு உறைந்திருந்தால் சறுக்குத் தட்டோடு போங்கள். பனி இல்லையென்றால், விதி அனுமதிக்கும் பட்சத்தில், துண்டுபோட்டுச் சுமக்கும் ஆயத்தத்தோடு போங்கள்: நாலைந்து துணிப்பைகள், சட்டம் வைத்த முதுகுப்பை, தலைவிளக்கு, உபரி மின்கலம். துண்டுபோட அனுமதி இல்லாத பகுதி என்றால், இந்த ஆண்டு சதுப்புக்கு இந்தப் பக்கமே உட்காருங்கள். அதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். இரண்டு சாக்கில் 30 கிலோ வீதம் மணலை நிரப்பி, ஒன்றாகக் கட்டி, வீட்டுக்கு அருகில் ஏதாவது ஒரு மேட்டில் 200 மீட்டர் இழுங்கள். எத்தனை நிமிடம் ஆனது, எத்தனை முறை நின்றீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கைப் பத்தால் பெருக்கி, காட்டுத்தரைக்காக இன்னொரு பாதியைக் கூட்டினால், நீங்கள் எத்தனை மணிக்குப் பிறகு சுடக்கூடாது என்பது தெரிந்துவிடும்.